திருமுற்றத்துப் பணி

மனிதன் செய்யும் வேலைகளை ஒரு நோக்கில் இரண்டாகப் பகுக்கலாம். ஒருமுறை செய்து முடித்தால் நின்று நிலைத்து, செய்தவனுடைய பெயரை அவனுக்குப் பின்னும் சொல்லிக்கொண்டிருப்பவை ஒரு வகை. இன்று செய்தது நாளை விடிவதற்குள் குலைந்துபோய், மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாய் நிற்பவை மற்றொரு வகை. கோபுரம் எடுப்பது முதல் வகை. அந்தக் கோபுரத்தின் நிழல் விழும் பிராகாரத்தைக் கூட்டிக் கழுவுவது இரண்டாம் வகை. ஆலயத்தை மெழுகுவோரின் ஜீவனத்துக்காகத் திருமெழுக்குப்புறம் என்று நிலம் விட்ட செய்தி நம்முடைய பழைய கல்வெட்டுகளில் காணப்படுகிறது. ஆனால் நிலம் விட்டவருடைய பெயரும் நிலத்தின் நான்கெல்லையும் பொறிக்கப்பட்ட அளவுக்கு, மெழுகிய கைகளுக்கு உரியவர்களின் பெயர்கள் பொறிக்கப்படவில்லை. பெயர் நில்லாத, பலன் நில்லாத, முடிவென்று ஒன்று இல்லாத இத்தகைய வேலையில் ஆன்மாவுக்கு ஏதேனும் பிரயோஜனம் உண்டா, அல்லது அது வசதியை முன்னிட்டு எவரேனும் செய்து தீர வேண்டிய வெறும் சரீரப் பிரயாசைதானா என்னும் கேள்வியை, நாம் தினந்தோறும் மிதித்து நடக்கின்ற ஒரு பொருளைக் கொண்டு விசாரிக்க விரும்புகிறேன். சிற்றூர்க் கோயில்களின் வெளிப்பிராகாரத்திலும், நடுத்தர இல்லங்களின் முற்றத்திலும் இன்று பரந்து கிடக்கும் சிமெண்டுத் தளமே அப்பொருள்.

கருங்கல் பாவிய தரைக்குரிய பழமையின் கம்பீரம் சிமெண்டுத் தளத்துக்கு இல்லை. சாணமிட்டு மெழுகிய மண் தரைக்குரிய மங்கலமும் அதற்கு வாய்க்கவில்லை. இங்கிலாந்து தேசத்து லீட்ஸ் நகரில் கொத்துவேலை செய்து வந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824-ஆம் ஆண்டில் போர்ட்லண்டு சிமெண்டு என்று பெயரிட்டு உரிமைப் பத்திரம் பெற்ற பொடியின் வழிவந்த சிமெண்டு, மணலோடும் ஜல்லியோடும் தண்ணீரோடும் கூடி உண்டாகும் பொருள் அது. உயிரற்றதும் மாறாததுமான ஒரு பொருளைக் குறிக்க வேண்டுமானால் நாம் முதலில் நினைப்பது அதனைத்தான். ஆனால் சற்றுக் கூர்ந்து நோக்குவோருக்கு அதன் இயல்பு வேறாகத் தோன்றும். சிமெண்டு உலர்ந்து இறுகுவதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது தண்ணீரை உட்கொண்டு, அதனோடு ரசாயன முறையில் ஒன்றாகி இறுகுகிறது. தளம் போட்ட மறுநாள் தொடங்கிக் குறைந்தது ஏழு நாளாவது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியோ ஈரச் சாக்கைப் பரப்பியோ வைக்க வேண்டுமென்று கொத்தனார் வற்புறுத்துவது இதனால்தான். அதன் பலத்தை 28-ஆம் நாளில் சோதித்து அறிவது கட்டட நூலாரின் வழக்கம். அந்நாளுக்குப் பின்னரும் ஈரம் கிடைக்குமளவும் அது மெல்ல மெல்லப் பலம் ஏறிக்கொண்டே இருக்கும். வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் இயல்புடையதாகையால், ஏறத்தாழப் பத்தடிக்கு ஓர் இடுக்கு விட்டுப் பாகம் பாகமாகப் பிரித்துப் போடாவிட்டால், தனக்கு வேண்டிய இடத்தில் தானே விரிசல் கண்டு பிரிந்துகொள்ளும். ஆக, ஜடமென்று நாம் அலட்சியமாக மிதிக்கும் இத்தரையும் பிறப்பு, முதிர்ச்சி, தேய்வு என்னும் அவஸ்தைகளுக்கு உட்பட்டதே. காப்பாரின்றி விடப்பட்டால் அழிவதே.

இத்தளத்தில் சேரும் அழுக்கு மூன்று வகைப்படும் என்பதைச் சில பருவங்கள் கவனித்துப் பராமரித்தவர் எவரும் அறிவர். முதலாவது, வெளியிலிருந்து வந்து விழுவது: புழுதி, சருகு, புறாக்களின் எச்சம், அகலிலிருந்து சிந்திய எண்ணெய், பிரசாதத்தின் பிசுக்கு. இது துடைப்பத்துக்கும் தண்ணீருக்கும் அடங்கும். எண்ணெய் மட்டும் நுண்துளைகளின் வழியே உள்ளே இறங்குவதற்கு முன்பு மரத்தூளைத் தூவி உறிஞ்சச் செய்து, சோப்புத் தண்ணீர் இட்டுத் தேய்க்கப்பட வேண்டும். இரண்டாவது, வந்து விழுந்தபின் அங்கேயே வேர்கொண்டு வளர்வது: ஐப்பசி கார்த்திகை அடைமழையில், வெயில் படாத வடபுறத்திலும் தண்ணீர் தேங்கும் பள்ளங்களிலும் படரும் பாசி, பறவைகளின் எச்சத்தோடு இடுக்கில் விழுந்து முளைக்கும் அரசும் ஆலும். மூன்றாவது, வெளியிலிருந்து வராமல் தளத்தின் உள்ளிருந்தே வருவது: வெள்ளை வெள்ளையாக மேலே படியும் உப்பு. சிமெண்டு தண்ணீரோடு கூடி இறுகும்போதே அதனுள் ஒரு சுண்ணப் பொருள் விடுபடுகிறது. ஈரம் அதனைக் கரைத்து மேலே கொண்டு வருகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அது வெண்படலமாகிறது. ‘உப்புப் பூத்திருக்கிறது’ என்று கொத்தனார் சொல்வது பெரும்பாலும் இதனையே. வெறும் தூசி என்று கருதித் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினால், அத்தண்ணீரே உள்ளிறங்கி இன்னும் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவந்து, காய்ந்தபின் முன்னிலும் வெளுப்பாகக் காட்டிவிடும்.

சைவ சித்தாந்தம் ஆன்மாவைப் பற்றிச் சொல்லும் ஓர் உண்மையை விளங்கிக்கொள்ள இம்மூன்றையும் போலத் துணைசெய்யும் திருஷ்டாந்தம் எனக்கு வேறு கிடைத்ததில்லை. உயிரைப் பிணித்த மலங்கள் ஆணவம், கன்மம், மாயை என மூன்று என்றும், அவற்றுள் கன்மமும் மாயையும் இடையே வந்து சேர்ந்த ஆகந்துகங்கள் என்றும், ஆணவம் ஒன்றே உயிரோடு அனாதியாய் உடன் நிற்கும் சகஜ மலம் என்றும் ஆசிரியர்கள் வகுத்தார்கள். தரையின்மேல் விழுந்த புழுதியையும் படர்ந்த பாசியையும் பிறர் மேல் வைத்துப் பேசலாம். உள்ளிருந்து பூத்த உப்பை எவர் மேல் வைத்துப் பேசுவது? அது தரை உண்டானபோதே அதனோடு உண்டானது. நம்முடைய குற்றங்களிலும், கெட்ட சகவாசத்தால் வந்தவை, பழக்கத்தால் வளர்ந்தவை என்று கழிக்கத் தக்கவற்றையெல்லாம் கழித்த பின்னும், ‘நான்’ என்று முனைந்து எழும் ஒன்று எஞ்சி நிற்கிறது. அதனைக் கழுவ முயலும் முயற்சியிலேயே அது புதிதாகப் பூக்கிறது. தவம் செய்கிறேன் என்னும் எண்ணத்திலும், தொண்டு செய்கிறேன் என்னும் எண்ணத்திலும் அந்த வெண்மை தலைகாட்டுவதை அறியாத சாதகர் இல்லை. ஆணவம் முத்தியிலும் அழிந்தொழிவதில்லை, அதன் சக்தியே மடங்குகிறது என்பதும், அதற்கு மலபரிபாகம் என்னும் பக்குவ காலம் வேண்டும் என்பதும் சித்தாந்தத்தின் துணிபு. தளத்திலும் அவ்வாறே நிகழ்கிறது: கீழிருந்து ஏறும் ஈரத்தைத் தடுத்து, பூத்த உப்பை உலர்ந்த நிலையிலேயே தூரிகையால் தேய்த்து அள்ளி அப்புறப்படுத்தி, பொறுமையோடு ஆண்டு தோறும் இதனையே செய்து வந்தால், உப்புப் பூப்பது படிப்படியாகக் குறைந்து, தளம் தன் இயல்பான சாம்பல் நிறத்தில் அமைதியுறும்.

பொறுமையற்றவர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டிருக்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் திராவகத்தை வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். திராவகம் உப்பைத் தின்னும். உப்போடு நிறுத்திக்கொள்ளாமல் சிமெண்டையும் தின்னும். இரண்டொரு தடவை அதனால் கழுவிய தளத்தில் மேற்பூச்சு அரிபட்டு மணலும் ஜல்லியும் வெளியே தெரியத் தொடங்குகின்றன. அந்தச் சொரசொரப்பில் அழுக்கும் பாசியும் முன்னிலும் உறுதியாகப் பற்றிக்கொள்கின்றன. பாசியைப் போக்கப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்துச் சிறிது நேரம் விட்டு, ஈர்க்குத் துடைப்பத்தால் அழுந்தத் தேய்த்து நன்றாக அலசிவிடுவது போதுமானது. அதனோடு திராவகம் கலந்துவிட்டால் விஷவாயு கிளம்பித் தேய்ப்பவருடைய உயிருக்கே ஆபத்தாய் முடியும். உடம்பை வருத்துவதையே தவமென்று கொண்டவர்களின் கதியும் இத்தகையதே. சாஸ்திரம் விதியாத கோரமான தவங்களால் சரீரத்தையும் அதனுள் உறையும் தன்னையும் வாட்டுகிறவர்கள் அசுர நிச்சயமுடையவர்கள் என்று கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் கண்ணபிரான் கடிந்துரைப்பது, அழுக்கின்மேல் கொண்ட கோபத்தால் தரையையே அழித்துவிடும் இந்த மூர்க்கத்தைத்தான். நிதானமான கை, நாள்தோறும் தவறாத நியமம், தண்ணீர் தேங்காதபடி அடிக்குக் கால் அங்குலம் வாட்டம், விரிசல் கண்ட உடனே சாந்து வைத்து அடைத்தல், அரசங்கன்றை இரண்டு இலைப் பருவத்திலேயே வேரோடு எடுத்துவிடுதல் ஆகிய இவற்றில் எதுவும் வீரச் செயல் ஆகாது. ஆனால் நூறாண்டு நிற்க வேண்டியது பத்தாண்டில் பாழாகாமல் காப்பது இவைதாம்.

இந்தச் சிறிய வேலையை ஒரு பெரிய மார்க்கமாகவே கண்ட பெருமை தமிழ்நாட்டுச் சைவத்துக்கு உண்டு. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசருடைய திருவுருவத்தை எந்தச் சிவாலயத்தில் கண்டாலும், அவர் திருக்கரத்தில் ஏடோ தண்டமோ இராது. புல் செதுக்கும் உழவாரமே இருக்கும். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் மாய்ந்தபின், தம்பியின் பொருட்டு உயிர் தாங்கிய தமக்கையார் திலகவதியார், கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகையில் திருவலகிடுதலையும் திருமெழுக்கிடுதலையும் தம் வாழ்வாகக் கொண்டார். சூலை நோயால் வருந்திச் சமணப் பள்ளியிலிருந்து இரவோடிரவாக வந்து காலில் விழுந்த தம்பியை அவர் விடியற்காலையில் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றபோது, துடைப்பமும் மெழுகுநீர்ப் பாத்திரமும் கையில் ஏந்தியே சென்றதாகச் சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகிறார். சமண சமயத்துத் தருமசேனராக விளங்கிப் பல நூல்களையும் கற்று வாதம் புரிந்த ஒரு மகாபண்டிதர், சிவநெறிக்குத் திரும்பிய முதல் நாளில் தமக்கு முன்னே கண்டது ஒரு துடைப்பத்தை. அதன்பின் அவர் கால்நடையாகச் சென்ற ஊர்களிலெல்லாம் பாடலோடு கூடவே புல் செதுக்கும் பணியும் நடந்தது.

அவருடைய இறுதிக் காலத்தில் திருப்புகலூரில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் சொல்லும் நிகழ்ச்சி நம்முடைய விசாரணைக்கு மிகவும் முக்கியமானது. திருமுற்றத்தில் அவர் உழவாரம் இட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணிகளும் தோன்றுமாறு இறைவன் செய்தான். அவரோ அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே கருதி, உழவாரத்தில் ஏந்தி அருகிலிருந்த தடாகத்தில் எறிந்துவிட்டார். பொன்னில் ஆசை இல்லாதவர் என்று மட்டும் இதற்குப் பொருள் கொள்வது போதாது. ஆசை இல்லாதவர் அதனைக் காணாததுபோல் அங்கேயே விட்டிருக்கலாம். அல்லது கோயில் பண்டாரத்தில் சேர்க்கும்படி அதிகாரிகளிடம் ஒப்புவித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. திருமுற்றத்தில் அடியார் காலில் இடறக்கூடியது எதுவோ அது கல்லானாலும் மாணிக்கமானாலும் அப்புறப்படுத்தத் தக்கதே என்னும் ஒரே நோக்கத்தில் அவருடைய கை இயங்கிக்கொண்டிருந்தது. அங்கே நடப்பவரின் பாதம் ஒன்றே அவருக்கு அளவுகோல். எந்த வேலையிலும் அதனால் எனக்கு வருவது என்ன என்னும் கணக்கு முற்றிலும் ஒழிந்து, அந்த வேலைக்கு வேண்டியது என்ன என்னும் கவனம் மாத்திரம் நிற்குமானால், அந்த வேலையிலேயே ஆணவத்தின் சக்தி மடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் ஆலயத்தை அலகிடுவதும் மெழுகுவதும் சரியையில் அடங்குவன. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அதனைத் தாச மார்க்கம் என்று பெயரிட்டு, அதன் பலன் சாலோகம் என்று வரையறுத்தார். ஆகவே, அது முதற்படிதானே, பக்குவம் இல்லாதவர்களுக்கு விதிக்கப்பட்டதுதானே, மேலே ஏறியவர் அதனை விட்டுவிடலாம் அன்றோ என்று கேட்கலாம். முதற்படி என்பது மெய்யே. ஆனால் சமயகுரவர் நால்வருள் அந்தச் சரியை நெறிக்கு எடுத்துக்காட்டாக நம் முன்னோர் வைத்தது அப்பர் என்னும் திருநாவுக்கரசரையே என்பதையும், அவர் முதுமையிலும் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. ஞானம் வந்தபின் பணி வேண்டாம் என்பது அவருடைய வாழ்க்கை காட்டும் முடிவாக இல்லை. ஞானம் வந்தவருடைய பணி எப்படி இருக்கும் என்பதையே அது காட்டுகிறது. சித்தாந்தம் இறைவனுக்குப் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்தொழில் கூறுமிடத்தில், காத்தலைப் படைத்தலுக்குத் தாழ்ந்ததாக எங்கும் வைக்கவில்லை. சிதிலமான ஆலயத்தைப் புதுக்கும் ஜீர்ணோத்தாரணத்தைப் புதிய ஆலயம் எடுப்பதினும் மேலான புண்ணியமாகப் போற்றும் மரபும் நமக்கு உண்டு. சிதிலமாகாமல் அன்றன்று காத்து வருவது அதனினும் ஒரு படி முந்திய தருமம் அல்லவா?

மற்ற சமயத்தாரும் இதனை உணராமல் இல்லை. பௌத்த விநய பிடகத்தின் பரிவாரப் பகுதி, கூட்டிப் பெருக்குவதால் ஐந்து நன்மைகள் உண்டென்று கணக்கிடுகிறது: தன் மனம் தெளிகிறது, பிறர் மனம் தெளிகிறது, தேவர்கள் மகிழ்கிறார்கள், கண்டோர் உவக்கும் தன்மைக்கு ஏதுவான வினை சேர்கிறது, மறுமையில் நற்கதி கிடைக்கிறது. இவ்வரிசையில், தன் மனத்துக்கு அடுத்தபடியாகவே பிறர் மனம் வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத் தக்கது. மதீனத்துப் பள்ளிவாசலைக் கூட்டி வந்த ஓர் எளியவர் இறந்தபோது, அற்பச் செய்தி என்று கருதித் தோழர்கள் நபிகள் நாயகத்துக்குச் சொல்லாமலேயே அடக்கம் செய்துவிட, அவர் பின்னர் அதனை விசாரித்தறிந்து, அந்த அடக்கத்தலத்துக்குச் சென்று பிரார்த்தித்தார் என்று இஸ்லாமிய மரபு கூறுகிறது. பூரி ஜகந்நாதத்தில் ரதயாத்திரையின்போது கஜபதி மகாராஜா பொற்பிடித் துடைப்பத்தால் தேர்த்தட்டைக் கூட்டுகிறார். மீமாம்சகருள் ஒரு சாரார், நித்திய கர்மங்களைச் செய்வதால் தனியே பலன் இல்லை, செய்யாமையால் தோஷம் மாத்திரம் உண்டு என்பர். முற்றம் கூட்டுவதை அந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பாசி தேய்த்துக் கழுவிய தரையில், கண் மங்கிய ஒரு மூதாட்டி மழைக்காலத்து விடியலில் வழுக்கி விழாமல் பிரதட்சிணம் செய்து முடிக்கிறாள். அவள் விழவில்லை என்பதே கண்ணுக்குப் புலனாகாத, கணக்கில் ஏறாத பலன்.

ஆனால் இந்தப் பெருமைகளையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு கொடுமையைச் சொல்லாமல் விடுவது சத்தியத்துக்கு விரோதமாகும். கூட்டுவதும் கழுவுவதும் புனிதம் என்று மேடையில் புகழ்ந்த சமூகமே, அவ்வேலையைப் பிறப்பினால் சிலர் தலையில் சுமத்தி, அவர்கள் தொட்டால் தீட்டென்றும் சொல்லிற்று. அவ்வாறு ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த அடியாராகிய திருநாளைப்போவார் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தார். திருப்புன்கூரில் திருக்குளம் வெட்டினார். ஆயினும் அவர் நின்றது வாயிலுக்கு வெளியே. திருவிதாங்கூரில் 1936-ஆம் ஆண்டிலும், மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தில் 1939-ஆம் ஆண்டிலும் கதவுகள் திறக்கும் வரையில், உள்ளே நடக்கத் தங்களுக்கு உரிமையில்லாத வீதிகளைத் துப்புரவாக வைத்திருந்த கைகள் எத்தனை! ஒருவன் தானே விரும்பி எடுத்த துடைப்பம் தாச மார்க்கம். மற்றொருவன் கையில் பலவந்தமாகத் திணித்த துடைப்பம் அடிமைத்தனம். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து, பின்னதற்கு முன்னதன் மகிமையைப் போர்த்துவது பாவம். 1901-ஆம் ஆண்டில் கல்கத்தாக் காங்கிரஸுக்குச் சென்ற காந்தியடிகள், அங்கிருந்த கழிப்பிடத்தின் அசுத்தத்தைக் கண்டு, அதனைப் பிறருடைய வேலை என்று தொண்டர்கள் ஒதுங்கியபோது தாமே ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கிச் சுத்தம் செய்தார். வேளாண் குடியிற் பிறந்து பெரும் பண்டிதராய் விளங்கிய அப்பர் உழவாரம் ஏந்தியதன் பொருளும் இதுவே: இந்தப் பணி எவரையும் தாழ்த்துவதில்லை என்று சொல்ல உரிமையுடையவர், அதனைத் தம் கையால் செய்பவர் மாத்திரமே.

ஆகவே, அழிந்துகொண்டே இருக்கும் வேலைக்குப் பிரயோஜனம் உண்டா என்னும் கேள்விக்கு என் மனம் ஒப்பிய விடை இது. நிலையாத பொருள்களின் நடுவே வாழும்படி விதிக்கப்பட்ட நமக்கு, எதையும் ஒரேயடியாகச் செய்து முடிக்கலாம் என்னும் எண்ணமே ஆணவத்தின் ஒரு முகம். இன்றைக்கு உரியதை இன்று செய்து, நாளைக்கு உரியதை நாளைக்கும் செய்யச் சம்மதிப்பது அதற்கு மாற்று. அந்தச் சம்மதத்தைக் கைக்கும் முதுகுக்கும் முழங்காலுக்கும் கற்பிப்பதாலேயே முற்றத்துப் பணி ஒரு சாதனையாகிறது; வழிபாட்டுக்கு முன்னால் செய்யும் ஆயத்தம் என்ற நிலையைக் கடந்து வழிபாடாகவே ஆகிறது. இதனை ஏற்போர் செய்ய வேண்டியதும் தெளிவானது. ஊர்க் கோயிலின் பிராகாரத்தைக் கழுவும் முறையை, சாதி பாராமல், ஆண் பெண் பாராமல், தருமகர்த்தா வீட்டையும் விலக்காமல், வீட்டுக்கொரு நாளாக வகுத்துக்கொள்ள வேண்டும். கூலிக்கு அவ்வேலை செய்பவர் இருப்பாரானால், அவருக்கு நியாயமான ஊதியமும், கைக்கும் காலுக்கும் உறையும், அர்ச்சகருக்குக் கொடுக்கும் மரியாதையும் கொடுக்க வேண்டும். நம் வீட்டு முற்றத்தை நாமே கூட்ட வேண்டும்.